ஏழு சின்னக்கருப்பன்களும் ஒரு மடையும்

"அப்ப மத்த ஆறு சின்னக்கருப்பனும் எங்க போனாய்ங்க? ஒங்க அய்யா மட்டும் பத்திரமா ஒக்காந்துருக்காரு. அதுவும் மூணாவது எடத்துல!"

மருதுபாண்டி இரண்டு தாள்களை மதுமதியின் மூக்குக்கு முன்னால் ஆட்டினார். இரண்டும் கண்மாய்த் தண்ணீர் முறைப் பட்டியல், அவளே கைப்பட எழுதிக் கொடுத்தவை.

"இது நேத்து நீ குடுத்தது. இது இன்னிக்குக் காலையில நீர்பாய்ச்சி வீரையாவுக்குக் குடுத்தது. ரெண்டும் ஒரே கம்ப்யூட்டரு போட்டதுதான? நேத்து நான் பதினொண்ணாவது. இன்னிக்கு இருவத்தாறாவது. எனக்கு மூணு செய்யி. மூணுல ரெண்ட உன் டப்பா முழுங்கிருச்சு. என்னம்மா நடக்குது இங்கன?"

மதுமதி தாள்களை வாங்கிப் பார்த்தாள். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. திரையைப் பார்த்து எழுதினாளே தவிர, எழுதியதை அவள் ஒருமுறைகூடப் படித்துப் பார்க்கவில்லை.

"பெரியப்பா, எங்கயோ தப்பு நடந்துருக்கு. நான் சரி பண்ணிட்டு வாரேன்."

"நாலு மணிக்கு மடை தெறப்பு. அதுக்குள்ள கொண்டு வந்தா உன் பட்டியல். இல்லாட்டி என் நோட்டு. போன வருசம் மாதிரி." அவர் படியிறங்கிப் போய்விட்டு, திரும்பி வந்து ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போனார். "ஒங்க அய்யாவுக்காகத்தான் இவ்வளவு நேரம் பொறுத்தேன். ஊருல வேற மாதிரி பேச ஆரம்பிச்சுட்டாய்ங்க."

போன வருசம் மாதிரி என்றால் என்ன என்று கூத்தன்வயலில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மழை பாதியில் நின்றுவிட்டால் கண்மாய்த் தண்ணீரை முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். மடைக்குப் பக்கத்து வயலில், ஊர்ப்பேச்சில் செய்யில், தொடங்கி, கடைசிச் செய் வரைக்கும், ஒவ்வொன்றுக்கும் இத்தனை நிமிடம் என்று கணக்கு. அந்த நிமிடக் கணக்கு மருதுபாண்டியின் நோட்டில் இருக்கிறது. ஆனால் யாருக்கு எத்தனை மணிக்கு என்பதை வாய்க்கால் கரையில் நின்றபடி வாயாலேயேதான் கூட்டுவார்கள். முதல் செய்க்காரர் ஐந்து நிமிடம் கூட விடுவார், அடுத்தவர் பத்து. கடைமடைக்கு வரும்போது கண்மாயில் சேறுதான் மிஞ்சும். போன வருடம் மதுமதியின் அய்யா சின்னக்கருப்பன் ஒற்றைக் கதிர் அறுக்கவில்லை. அவருடைய குழிச்செய்தான் பட்டியலில் நாற்பத்து மூன்றாவது, கடைசி. இந்த வருடமும் நெல் கதிர் வாங்கும் நேரத்தில் மழை கைவிட்டது. இந்தத் தண்ணீர் வந்து சேர்ந்தால் நெல், இல்லாவிட்டால் மாட்டுக்கு வைக்கோல்.

அதனால்தான் ஊர்க்கூட்டத்தில் அவர் எழுந்து நின்று, "எம்மக கம்ப்யூட்டர்ல மணி போட்டுக் குடுக்கும், ஆளாளுக்கு எந்நேரம்னு எழுதியே கையில குடுத்துரலாம்" என்று சொன்னார். பத்து வருடத்தில் அவர் கூட்டத்தில் பேசியது அது ஒன்றுதான்.

இப்போது அவர் வாசல் வேப்பமரத்தடியில் மண்வெட்டிக்குக் காம்பு செருகிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். மகளைப் பார்க்கவில்லை.

"அய்யா, நான் வேணும்னு..."

"வேணும்னு பண்ணலன்னு எனக்குத் தெரியும்த்தா. ஊருக்குத் தெரியணும்ல."

மணி பன்னிரண்டேகால்.

பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் பெர்ல் என்ற நிரல்மொழி ஏற்கெனவே இருந்தது. இணையம் வேண்டாம், காசு வேண்டாம், எதையும் புதிதாக ஏற்ற வேண்டாம். அந்த ஒரே காரணத்துக்காகத்தான் மதுமதி அதைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மாதத்தில் முக்கால்வாசி தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பும் வந்திருந்தது. அந்த நினைப்பு இப்போது மண்டையில் குட்டியது. தொண்டியில் செல்போன் கடை வைத்திருக்கும் ஹாஜா முகைதீனை அழைத்தாள். பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் ஒரே வகுப்பு.

"ஏலே ஹாஜா, நான் செத்தேன்."

"செத்தவ போன் பண்றது இதான் முதத் தடவ. என்ன புள்ள?"

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் கடைக்கு வந்தவரிடம் "ஸ்க்ரீன்கார்டு நாளைக்கு வரும் மாமா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான்.

"பேரையும் நிமிசத்தையும் எதுல போட்டு வச்சுருக்க?"

"ஹாஷ்ல. பேரச் சொன்னா நிமிசம் வரும்ல, அதான்."

"அப்பறம் அதுலேருந்து வரிசையா எடுத்து எழுதிட்டியாக்கும்."

"ஆமா."

"அதுல வரிசையே கெடையாது புள்ள. பையில போட்டுக் குலுக்குன புளியங்கொட்டை மாதிரி. கைய விட்டா எது வருதோ அது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வேற வேற மாதிரி வரும். நீ இப்ப இன்னொருக்கா ஓட்டிப் பாரு."

ஓட்டினாள். மருதுபாண்டி நான்காவது இடத்துக்கு வந்திருந்தார். மறுபடி ஓட்டினாள். கடைசிக்குப் போய்விட்டார். பயத்துக்கு நடுவிலும் மதுமதிக்குச் சிரிப்பு வந்தது. வெளியே அய்யா தலை தூக்கிப் பார்த்தார்.

"சிரிக்காத. வரிசை வேணும்னா அர்ரேல போடு. நோட்டுல இருக்க மாதிரியே முன்னுக்குப் பின்ன மாறாம நிக்கும்."

"அது சரி. ஆளு காணாமப் போனது?"

"அது தெரியல. ஃபைல்லயே விட்டுட்டியோ என்னமோ. படிக்கிற ஒவ்வொரு வரியையும் அப்பிடியே திரையில போடச் சொல்லு. எங்கன வரைக்கும் ஒழுங்கா இருக்குன்னு மொதல்ல பாரு. எனக்கு யாவாரம் இருக்கு, வைக்கிறேன்."

அவன் சொன்னபடியே செய்தாள். வரிகள் மளமளவென்று இறங்கின. எண்ணினாள். நாற்பத்து மூன்று. ஒன்றுகூடக் குறையவில்லை. அதாவது வாசல் வரைக்கும் எல்லோரும் வந்திருக்கிறார்கள், வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் காணாமல் போகிறார்கள். உள்ளே இருப்பவர்களை எண்ணினாள். இருபத்தொன்பது.

பதினான்கு பேர்.

அம்மா பூமயில் சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "தின்னுட்டுப் பாரு. அம்புட்டும் ஓடியா போகும்?"

"ஓடித்தாம்மா போயிருக்கு."

ஒரு கையில் சோறும் மறு கையில் பென்சிலுமாக, மருதுபாண்டியின் நோட்டிலிருந்து எடுத்த நகலில் காணாமல் போனவர்களின் பெயருக்குப் பக்கத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். பனையடிச்செய், சின்னக்கருப்பன். புள்ளி. முள்ளுச்செய், சின்னக்கருப்பன். புள்ளி. வண்டித்தடம், காளிதாஸ். புள்ளி. நாலுமூலை, நாகலெட்சுமி. புள்ளி. கிணத்தடி, மருதுபாண்டி. புள்ளி. ஆறு சின்னக்கருப்பன், மூன்று காளிதாஸ், மூன்று நாகலெட்சுமி, மருதுபாண்டி இரண்டு முறை. நோட்டில் ஒரே ஒரு முறை மட்டும் வருகிற பெயர் எதற்கும் புள்ளி விழவில்லை.

கவளம் வாய்க்குப் போகாமல் நின்றது.

கூத்தன்வயலில் தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்தால் சாமி பெயர்தான். சாமி கருப்பன். பெரியகருப்பனுக்குப் பிறந்தவன் சின்னக்கருப்பன், அவனுக்குப் பிறந்தவன் மறுபடி பெரியகருப்பன். ஆகவே ஏழு சின்னக்கருப்பனுக்கும் தகப்பன் பெயர்கூட ஒன்று. முன்னெழுத்துப் போட்டாலும் ஏழும் ஒன்றுதான். ஊரில் யாருக்கும் இதில் குழப்பம் வந்ததில்லை. பனையடியான், முள்ளுச்செய்யான், குழிச்செய்யான் என்று செய்யை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். மதுமதிதான், கம்ப்யூட்டருக்கு எதற்கு செய்யின் பெயர் என்று அதை ஒதுக்கிவிட்டு, ஆள் பெயரைச் சாவியாக வைத்திருந்தாள். ஒரு பெயருக்கு ஒரு பெட்டி. இரண்டாவது சின்னக்கருப்பன் வந்ததும் முதலாமவரின் நிமிடம் அழிந்தது. மூன்றாமவர் இரண்டாமவரை அழித்தார். கடைசியாக வந்தவர் நிலைத்தார்.

கடைசியாக வந்தவர் கடைமடைக்காரர். அவளுடைய அய்யா. பட்டியலில் நின்ற நாற்பது நிமிடம் குழிச்செய்யுடையது என்பதை மருதுபாண்டி பார்த்ததும் கண்டுகொண்டிருப்பார்.

ஊர் வேறு மாதிரி பேசாமல் என்ன செய்யும்?

கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஆள் பெயரை விட்டாள், செய்யின் பெயரைப் பிடித்தாள். நோட்டு வரிசை மாறாமலிருக்க அர்ரேயில் ஒவ்வொரு செய்யாகத் தள்ளினாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சூடு கண்டவள் அல்லவா, செய்ப் பெயரிலும் இரண்டு ஒரே மாதிரி இருந்துவிட்டால் என்ன செய்வது என்று, ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பார்க்க நான்கு வரி சேர்த்தாள். ஓட்டினாள்.

பனையடிச்செய்யும் முள்ளுச்செய்யும் ஒன்று என்றது. முள்ளுச்செய்யும் வண்டித்தடமும் ஒன்று என்றது. திரை முழுக்க, ஊரிலுள்ள எல்லாச் செய்யும் ஒரே செய் என்று சொல்லிக்கொண்டே போனது.

மணி இரண்டே முக்கால்.

"ஹாஜா! இப்ப ஊரே ஒரே செய்யாயிருச்சுடா!"

"நல்லதுதான, சண்டை இல்ல. சரி, அழுவாத. மேல, தப்பச் சொல்லிக் காட்டுற வார்னிங்ஸ் போட்டுருக்கியா?"

மதுமதி திரையின் மேல் வரிக்கு ஏறிப் பார்த்தாள்.

"போட்டியா இல்லையா?"

"போட்டேன். அது சும்மா கத்திக்கிட்டே இருந்துச்சு. எடுத்துட்டேன்."

"வீட்டு நாய் கொலைக்குதுன்னு நாயவே வெரட்டிட்டு, திருடன் வந்துட்டான்னு எனக்குப் போன் பண்றியா? மறுபடி போடு அத."

போட்டாள். கத்தியது. 'பனையடிச்செய்' எண் இல்லை என்றது. 'முள்ளுச்செய்' எண் இல்லை என்றது. எந்த வரியில் என்றும் சொன்னது. அந்த வரியில் அவள் இரண்டு சமக்குறி போட்டு ஒப்பிட்டிருந்தாள்.

"அது நம்பருக்கு உள்ளது புள்ள. நீ பேரக் குடுத்தா, அத நம்பராக்கிப் பாக்கும். எந்தப் பேரும் நம்பர் இல்ல, அதனால எல்லாமே சைபர். சைபரும் சைபரும் ஒண்ணுதான? எழுத்துன்னா ஈ-க்யூ போடணும்."

இரண்டு எழுத்து மாற்றினாள். ஓட்டினாள்.

அமைதி. ஒரு செய்யும் இன்னொன்றோடு மோதவில்லை. அதற்குக் கீழே பட்டியல் இறங்கியது. முதல் செய், மாலை நான்கு மணி முதல் நான்கு முப்பத்தைந்து வரை. கடைசியாக, நாற்பத்து மூன்றாவது, குழிச்செய், சின்னக்கருப்பன், நாளை இரவு ஒன்பது இருபது முதல் பத்து வரை. முப்பது மணி நேரத் தண்ணீர் பத்து மணிக்குச் சரியாக முடிகிறது. ஒரு நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"வந்துருச்சா?"

"வந்துருச்சுடா."

"மாஷா அல்லா. கடையச் சாத்திட்டுச் சோறு திங்கப் போறேன்."

லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் கண்மாய்க் கரைக்கு ஓடியபோது மூன்றே முக்கால். அய்யா மண்வெட்டியோடு பின்னால் வந்தார். மடையருகே நாற்பது பேருக்கு மேல் நின்றார்கள். நீர்பாய்ச்சி வீரையா வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். மருதுபாண்டியின் கக்கத்தில் நோட்டு.

"பெரியப்பா, மூணு தடவ ஓட்டுறேன். மூணையும் நீங்களே நோட்ட வச்சுச் சரி பாருங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். விரலால் நோட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். முதல் தடவை சரி. இரண்டாம் தடவையும் அதே வரிசை. மூன்றாவதில் அவர் பாதியிலேயே நோட்டை மூடிவிட்டார்.

"சரித்தான். நாப்பத்து மூணும் இருக்கு. அப்ப காலையில ஏன் அப்பிடி?"

மதுமதி வாயைத் திறந்தாள். ஹாஷ், சாவி என்றெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு வீரையாவைப் பார்த்தாள்.

"சித்தப்பா, சின்னக்கருப்பான்னு ஒரு சத்தம் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்களேன்."

வீரையா கைகளை வாயருகே குவித்தார். "ஏலே சின்னக்கருப்பா!"

வாய்க்காலோரம் ஒருவர், புளியமரத்தடியில் இரண்டு பேர், கரைமேல் இரண்டு பேர், சைக்கிளிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஒருவர், அவள் பக்கத்திலேயே நின்ற அய்யா, ஏழு பேரும் ஒரே நேரத்தில், "என்னப்பா?" என்றார்கள்.

கரையே சிரித்தது.

"கம்ப்யூட்டருக்கு இவுக ஏழு பேரும் ஒரே ஆளு, பெரியப்பா. கடேசியா யாரச் சொன்னோமோ அவர மட்டும் வச்சுக்கிருச்சு. நோட்டுல எங்க அய்யாதான் கடேசி. ஆளு பேர வச்சது என் தப்பு. இப்பச் செய்யோட பேர வச்சு, வரிசையும் மாறாமக் கட்டிட்டேன்."

"அப்ப எனக்கு ரெண்டு செய்யி போனது?"

"உங்க மூணு செய்க்கும் ஆளு நீங்க ஒருத்தர்தான?"

மருதுபாண்டி ஏழு சின்னக்கருப்பன்களையும் ஒரு முறை பார்த்தார். பிறகு ஏழாமவரிடம் போய்த் தோளில் கை வைத்தார். "தப்பா நெனைக்காதப்பா. தாளப் பாத்ததும் எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு."

"எனக்குந்தாண்ணே," என்றார் அய்யா.

நாலு மணிக்கு வீரையா மடைக்குள் இறங்கிப் பலகையைத் தூக்கினார். நுரையோடு வந்த தண்ணீர் முதல் செய்யின் வரப்பைத் தொட்டது. மறுநாள் ஒன்பது இருபதுக்கு, டார்ச் வெளிச்சத்தில், அதே தண்ணீர் குழிச்செய்க்குள் நுழைந்ததை மதுமதி பார்த்தாள். பத்து மணி வரை ஓடியது. அய்யா காலைத் தண்ணீருக்குள் வைத்தபடி வரப்பில் உட்கார்ந்திருந்தார். போகும்போது லேப்டாப்பை அவரே தூக்கிக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மதுமதிக்கு இப்போது வேறொரு அரிப்பு. பெர்லில் 'ரிவர்ஸ்' என்று ஒரு சொல் இருக்கிறது. அர்ரேக்கு முன்னால் அந்த ஒற்றைச் சொல்லைப் போட்டால் பட்டியல் தலைகீழாகிவிடும். கடைமடைக்கு முதல் தண்ணீர், தலைமடைக்குக் கடைசி. ஒரு முறை மேலிருந்து, மறுமுறை கீழிருந்து என்று மாற்றி மாற்றி விட்டால் என்ன என்று வீரையாவிடம் கேட்டாள். "காஞ்ச வாய்க்கா மொத ரெண்டு மணி நேரத் தண்ணியக் குடிச்சுரும்த்தா" என்றார் அவர். ஆனால் முடியாது என்று சொல்லவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தை நாற்பத்து மூன்று செய்க்கும் பங்கு வைத்துக் கழிக்க அவள் இன்னும் ஆறு வரி எழுதிவிட்டாள். வார்னிங்ஸை எடுக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் அய்யா பேசமாட்டார், அவளே எழுந்து நின்று கேட்கப் போகிறாள். அந்தக் கூட்டத்தில் நீங்கள் இருந்தால் என்ன நினைப்பீர்கள், கை தூக்குவீர்களா?