எட்டாம் எண்

அம்பத்தூர் தொழிற்சாலையில் வேலை செய்த நாங்கள் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை நாகலாபுரம் மலை ஏறுவோம். இறங்கும்போது யாரும் தவறிவிடக் கூடாதென்று வரிசையாக எண் சொல்வது வழக்கம். நான் எட்டு, ஆனந்தன் ஒன்பது.

1972 மாசியில், சுனையருகே நாங்கள் இருவரும் முத்தமிட்டதை எங்களில் ஒருவனான கோதண்டம் பார்த்துவிட்டான். ஆனந்தன் பழியை என்மேல் போட்டான். "வேம்புலிதான் என்னிய வலுக்கட்டாயமா இஸ்தான்" என்றான். அடப்பாவி!

பங்குனியில் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவனும் உட்காரவில்லை. போங்கடா என்று தனியாகவே ஏறினேன். இறங்கும்போது கால் பிசகி, பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன். கீழே எண்ணத் தொடங்கினார்கள்.

"ஏழு" கேட்டதும் தொண்டை கிழிய "எட்டு" என்று கத்தினேன். அதன்மேலேயே கீழிருந்து இன்னொரு "எட்டு" கேட்டது. ஆனந்தனின் குரல்.

எண்ணிக்கை பதினொன்றில் நின்றது.

"அல்லாரும் வந்தாச்சி, கெளம்புங்கப்பா" என்றான் கோதண்டம்.