பிரிஸ்டல் என்று பேர் வைக்கப்பட்டவன்

காலை பத்து மணிக்குத் துறைமுகத்துப் பழைய பாரந்தூக்கியின் கீழே மஞ்சள் குடையை விரித்துக்கொண்டு நிற்பாள் மார்வா கார்பின். பத்தொன்பது வருஷமாக அதுதான் அவள் வேலை. குடையைப் பார்த்து, ஊரைச் சுற்றிப் பார்க்க வந்த ஆட்கள் வந்து சேர்வார்கள். தலைகளை எண்ணிக்கொண்டு, முழங்கால் வலி உள்ளவர்கள் யாராவது உண்டா என்று கேட்டுவிட்டு, மேட்டுத் தெருவை நோக்கி நடக்கத் தொடங்குவாள். 'சர்க்கரையும் பாய்மரமும்' என்று அந்த நடைக்குப் பேர். இரண்டு மணி நேரம். கடைசியில் ஒரு மதுக்கடையில் ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் ரம்.

அவள் பெற்றோர் கரீபியன் கடலில் உள்ள பார்படோஸ் தீவிலிருந்து வந்தவர்கள். அவள் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கிலாந்தின் துறைமுக நகரான இந்தப் பிரிஸ்டலில், செயின்ட் பால்ஸ் வட்டாரத்தில். எந்த வீட்டை எந்த வியாபாரி எந்த வருஷம் கட்டினான், எந்தக் கப்பலில் எத்தனை பீப்பாய் சர்க்கரை வந்தது என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அந்தச் சர்க்கரை யார் கையால் விளைந்தது என்பதை மட்டும் சொல்ல மாட்டாள். நடையை நடத்துகிற கம்பெனி எழுதிக் கொடுத்த தாளில் அது கிடையாது. 'மேலைக் கடல் வியாபாரம்' என்ற மூன்று வார்த்தைகளோடு அந்த விஷயம் முடிந்துவிடும். சில வருஷங்களுக்கு முன்னால் ஊர் ஜனங்கள் ஓர் அடிமை வியாபாரியின் சிலையைப் பெயர்த்து இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் தள்ளினார்கள். அதற்கு மறுநாள் மேலாளர் பிலிப்பா எல்லோரையும் கூப்பிட்டு, நாம் ஊரைச் சுற்றிக் காட்டுகிறவர்கள், ஊர்ச் சண்டைக்குள் போகிறவர்கள் அல்ல என்று பக்குவமாகச் சொல்லிவிட்டாள். மார்வாவும் சரியென்று தலையாட்டினாள். அவளுக்கு வீட்டுக் கடன் இருந்தது. வாய் திறக்காமல் பிழைக்கிற நெடுநாள் பழக்கமும் இருந்தது.

நடையின் உச்சம், ஜொனதன் கார்பின் என்ற பழைய சர்க்கரை வியாபாரியின் மாளிகை. அதன் வாசலில் நின்று அவள் ஒரு வேடிக்கை சொல்வாள். "என் பேரும் கார்பின்தாங்க. ஆனா சொந்தம் இல்ல. சொந்தமா இருந்தா இந்த மழையில உங்களோட நடந்துக்கிட்டிருப்பேனா?" எந்தக் கூட்டமும் இதற்குச் சிரிக்காமல் போனதில்லை.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை ஒருத்தி சிரிக்கவில்லை. அறுபதை நெருங்கிய கறுப்பினப் பெண். தடித்த கம்பளிக் கோட்டு புதிதாக வாங்கியது என்று பார்த்தாலே தெரிந்தது. குளிருக்குப் பழகாதவள். கூட்டம் சிரித்து ஓய்ந்ததும் அவள் கேட்டாள்.

"அப்ப அந்தப் பேரு உனக்கு எப்படி வந்துச்சு, தங்கச்சி?"

அந்தப் பேச்சின் இழுப்பிலேயே அவள் பார்படோஸ்காரி என்று மார்வாவுக்குத் தெரிந்துவிட்டது. அப்பா அப்படித்தான் பேசுவார்.

"அது பெரிய கதைங்க. அதுக்குத் தனியா டிக்கெட் வாங்கணும்" என்றாள் மார்வா. மறுபடி சிரிப்பு. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்தது மாதா கோயில். உள்ளே ஜொனதன் கார்பினுக்கு வெள்ளைச் சலவைக்கல்லில் நினைவுச் சின்னம் இருந்தது. ஏழைகளின் தகப்பன் என்று அதில் பொறித்திருந்தார்கள். மார்வா அதைப் படித்துக் காட்டி முடித்தபோது அந்தப் பெண் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். தன் பேர் வெல்மா என்றும், பார்படோஸின் தலைநகர் பிரிட்ஜ்டவுனில் பழைய ஆவணங்களைப் பாதுகாக்கிற அலுவலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்ததாகவும் தாழ்ந்த குரலில் சொன்னாள். இந்தக் கல்லுக்கு முன்னால் நின்று சில பேர்களை வாசிக்க வேண்டும், அதற்காகத்தான் இத்தனை தூரம் வந்தது, இரண்டே நிமிஷம் என்று கேட்டாள்.

மார்வா கூட்டத்தைப் பார்த்தாள். பதினான்கு பேர். ஈரக் குடைகள். கைக்கடிகாரத்தைப் பார்க்கிற ஒரு கணவன்.

"மன்னிச்சுக்கங்க மேடம். நேரமாச்சு" என்றாள்.

வெல்மா உறையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மதுக்கடையில் கிண்ணங்கள் வந்தபோது ஒரு கிண்ணம் மிஞ்சியது. மார்வாவுக்குச் சுருக்கென்றது. ஆள் வழி தவறிவிட்டால் பொறுப்பு அவளுடையது என்று மனசுக்குள் சாக்குச் சொல்லிக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள்.

வெல்மா கோயிலுக்குள்தான் இருந்தாள். சலவைக்கல்லுக்கு எதிரே நின்று, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, பக்கத்தில் நிற்கிறவருக்குச் சொல்வது போன்ற குரலில் வாசித்துக்கொண்டிருந்தாள். "ஃபிபா, ஏழு வயசு. மாட்டுக்குப் புல்லறுக்கிற கூட்டம். கஃபி, நாப்பத்தி நாலு வயசு. கரும்பு வயல். பிரிஸ்டல், முப்பத்தொரு வயசு. கரும்புச் சாறு காய்ச்சுற கொட்டகை."

மார்வா அருகே போனாள். "பிரிஸ்டலா? அது எங்க ஊரு இல்ல?"

"ஊரு இல்லம்மா. ஆளு." வெல்மா விரலால் அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள். "உங்க ஊருக்காரன், இந்தக் கார்பின், தீவுல இருந்த தன் தோட்டத்து அடிமைக்கு வெச்ச பேரு. பாரு, ஆப்பிரிக்காவுல பிறந்தவன்னு போட்டிருக்கு. அவங்க அம்மா வெச்ச பேரு வேற ஏதோ இருந்திருக்கும். அது எந்தத் தாள்லயும் இல்ல. முப்பது வருஷம் தேடிட்டேன்."

மார்வா அந்தத் தாளைக் கையில் வாங்கினாள். நூற்றுப் பன்னிரண்டு பேர். தலைப்பில் தோட்டத்தின் பேர் இருந்தது. அது அவள் அப்பா பிறந்த ஊரின் பேர். தோட்டம் போய்விட்டது, பேர் மட்டும் கிராமத்துக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது என்றாள் வெல்மா. பட்டியலில் ஒருவருக்கும் குடும்பப் பேர் கிடையாது. விடுதலை கிடைத்த பிறகு ஏதாவதொரு பேர் வேண்டுமே என்று, தங்களை உடைமையாக வைத்திருந்தவனின் பேரையே பலர் சூட்டிக்கொண்டார்கள்.

மார்வாவுக்கு அப்பாவின் நினைவு வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் கப்பலில் வந்தவர். கறுப்பர்களுக்குப் பேருந்து நடத்துநர் வேலை கிடையாது என்று அந்த நாளில் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். பாத்திரம் கழுவிக் குடும்பத்தைக் காப்பாற்றினார். கடைவீதிக்குப் போக, மாளிகையும் கோயிலும் இருக்கிற இந்தத் தெருதான் குறுக்கு வழி. அவர் ஒருநாளும் இந்த வழியாக வந்ததில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கீழ்ப்பக்கமாகச் சுற்றித்தான் போவார். மேடு ஏறச் சோம்பல்படுகிறார் என்று அவள் அவரைக் கேலி செய்திருக்கிறாள். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. சொல்ல வாய் வரவில்லை. அவர் வாயடைத்துப்போய் விலகி நடந்த வாசலில் நின்றுதான் அவள் பத்தொன்பது வருஷமாகச் சிரிப்புக் காட்டியிருக்கிறாள்.

அவள் அழவில்லை. வழிபாட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். வெல்மா கைப்பையைத் துழாவி, சர்க்கரையில் புரட்டிய புளி உருண்டை ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்தது. தனக்கும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு மிச்சமிருந்த பேர்களை ஆளுக்குப் பாதியாக வாசித்தார்கள். புறப்படும்போது வெல்மா அந்தத் தாளை மார்வாவிடமே கொடுத்துவிட்டாள். தன்னிடம் வேறு பிரதி இருக்கிறது என்றாள்.

சனிக்கிழமை நடையில் இருபது பேர். மாளிகை வாசலில் அந்த வேடிக்கையைச் சொல்லவில்லை. தன் பேர் கார்பின் என்றும், அது தன் முன்னோர்களுக்கு எப்படி வந்தது என்றும் சொன்னாள். சிலர் காலணியைப் பார்த்தார்கள். கோயிலுக்குள் வெல்மா கொடுத்த தாளை எடுத்துப் பத்துப் பேர்களை வாசித்தபோது, யார்க்ஷயரிலிருந்து மனைவியோடு வந்திருந்த ஒரு பருத்த மனிதர் குறுக்கிட்டார்.

"நாங்க விடுமுறைக்கு வந்திருக்கோம், கோர்ட்டுக்கு இல்ல. என் தாத்தா நிலக்கரிச் சுரங்கம் இடிஞ்சு செத்தாரு. அவருக்காக எவன் அழுதான்?"

மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். மார்வாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் அந்த மனிதரின் முகத்தில் திமிரை விட வேறேதோ அதிகம் இருந்தது. அப்பா வாய்க்குள்ளேயே அடக்கி வைத்திருந்தது போன்ற துக்கம் அது என்று அவளால் அடையாளம் காண முடிந்தது.

"அவர் பேரு என்னங்க?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"சொல்லுங்க. இங்கயே சொல்லுங்க. நாங்க எல்லாரும் கேக்கறோம்."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். "ஆல்பர்ட்" என்றார். "ஆல்பர்ட் ஹெப்டன். முப்பத்தாறு வயசு." மார்வா அந்தப் பேரை ஒருமுறை திருப்பிச் சொன்னாள். பிறகு பட்டியலில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை நின்றார்.

இருந்தாலும் புகார் போனது, வேறு யாரிடமிருந்தோ. திங்கட்கிழமை பிலிப்பா அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தேநீர் கொடுத்துப் பேசினாள். கெட்டவள் அல்ல பிலிப்பா. மார்வாவின் அம்மா இறந்தபோது ஒரு வாரம் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தவள். நீ சொன்னது எல்லாம் உண்மைதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு, இந்த நடை அதற்கான இடம் அல்ல என்றாள். கம்பெனித் தாளில் இருப்பதை மட்டும் பேசினால் போதும், நடந்ததை மறந்துவிடலாம் என்றும் சொன்னாள்.

"இந்த நடை அதுக்கு இடம் இல்லன்னா எந்த நடை, பிலிப்பா?" என்று கேட்டாள் மார்வா. "அந்தக் கோயில்ல இல்லாம, அந்த வீட்டு வாசல்ல இல்லாம, வேற எங்க போய்ச் சொல்றது?"

மார்வா மஞ்சள் குடையைச் சுருக்கி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். தெருவில் இறங்கிய பிறகுதான் பயம் வந்தது. ஐம்பத்தோரு வயதில் வேலையை விட்டாயிற்று. அந்தக் குளிர்காலத்தில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் காய் நறுக்கினாள்.

சனிக்கிழமைகளில் மட்டும் தானே ஒரு நடை நடத்தினாள். செயின்ட் பால்ஸில் முடிவெட்டும் கடைகள் இருக்கும் தெருவில் தொடங்கி, அப்பாவைத் திருப்பி அனுப்பிய பேருந்து நிலையத்தையும் சர்க்கரைக் கிட்டங்கிகளையும் கடந்து, கோயிலில் முடிகிற வழி. முதல் வாரம் இரண்டு பேர். அடுத்த வாரம் மழை, யாரும் வரவில்லை. அவள் மட்டும் தனியாக நடந்து முடித்தாள். வசந்தம் வருவதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேர் அந்தத் தெருக்களிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். தங்கள் ஊரைத் தாங்களே முதன்முதலாகப் பார்ப்பவர்களைப் போல அவள் பின்னால் நடந்தார்கள்.

ஏப்ரலில் ஒருநாள், கோயில் படிகளில் நடை முடிந்ததும், ஓர் இளம் ஆசிரியை தயங்கித் தயங்கிக் கேட்டாள். முன்பு மார்வா கம்பெனிக்காக நடை நடத்தியபோது தான் வந்திருப்பதாகவும், அப்போது இதில் ஒரு வார்த்தைகூடக் கேட்டதாக நினைவில்லை என்றும் சொன்னாள்.

"ஆமா. சொல்லல" என்றாள் மார்வா.

"யாராவது தடுத்தாங்களா?"

மார்வா பிலிப்பாவைச் சொல்லியிருக்கலாம். கம்பெனித் தாளைச் சொல்லியிருக்கலாம்.

"தடுத்தாங்கன்னு சொன்னா எனக்கு சௌகரியமா இருக்கும்" என்றாள். "ஆனா நான்தான் பயந்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டிருந்தேன். அது போதாதுன்னு அதை வேடிக்கையா வேற ஆக்கினேன். இந்த ஜனங்களை மறைச்சு வெச்சவன் செத்து இருநூறு வருஷம் ஆகப்போகுதும்மா. செத்தவன் எதையும் மறைக்க முடியாது. தெரிஞ்சும் சொல்லாம இருக்கோம் பாரு, இன்னிக்கு மறைக்கறது நாமதான்."