டைரக்டர் அம்மையப்ப பிள்ளையின் யோக்கியதாம்சம்

எங்கள் கம்பெனிக்கு முதல் பணத்தைவிட யோக்கியதாம்சம்தான் அவசரமாக வேண்டியிருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு பெரிய வெள்ளைக்காரப் பாங்கி படுத்துவிட்டதில் திருநெல்வேலியிலும் பல குடும்பங்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டன. அதற்குப் பிறகு யாரிடம் போய்ப் பங்கு வாங்குங்கள் என்றாலும், நடத்துகிறவர் யார், என்ன படித்தார், எங்கே வேலை பார்த்தார், வெளிதேசம் கண்டவரா என்று சம்பந்தம் பேச வந்தவர்களைப் போலத் துருவித் துருவிக் கேட்டார்கள். அதனால் பொருநை வியாபார நிதி லிமிடெட்டுக்கு அச்சடிக்கும் விவரப் பத்திரிகையில், டைரக்டர்கள் மூன்று பேருடைய பூர்வோத்தரமும் விஸ்தாரமாக வரவேண்டும் என்று முடிவாயிற்று.

மூன்று பேரில் முதலாமவர் பாபநாசம் பிள்ளை. நூறு கோட்டை நெல் விளையும் வயலுக்குச் சொந்தக்காரர். வெளிதேச அனுபவம் என்ன போடலாம் என்று கேட்டதற்கு, திருவனந்தபுரத்துக்கு இரண்டு தடவை போயிருப்பதாகச் சொன்னார். அது பக்கத்து ஊர்தானே என்றேன். அது தனி சமஸ்தானம், வேறு ராஜா, வேறு காசு, ஆரியங்காவில் சுங்கச்சாவடிகூட இருக்கிறது என்று அடித்துப் பேசினார். 'அந்நிய ராஜ்யங்களில் சஞ்சாரம் செய்தவர்' என்று எழுதினோம். எழுதும்போது என் பேனாவுக்கே வெட்கமாக இருந்தது.

இரண்டாமவர் மேலப்பாளையம் அசன் மைதீன் முதலாளி. அவருக்குப் பொய் தேவையில்லை. ரங்கூனில் பன்னிரண்டு வருஷம், பினாங்கில் நான்கு, கொழும்பில் இன்றைக்கும் ஜவுளிக் கடை. பர்மாக்காரனோடு பர்மிய பாஷையிலும் மலாய்க்காரனோடு மலாயிலும் பேரம் பேசுவார்.

மூன்றாவது ஆள் அம்மையப்ப பிள்ளையாகிய நான். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில் வணிகப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். பாங்கி எப்படி நடக்கிறது, எப்படி விழுகிறது, வரவு செலவை மூன்றாம் மனிதன் ஏன் சோதிக்க வேண்டும் என்பதெல்லாம் என் பாடம். என்னைப் பற்றி நானே ஒரு வரி எழுதிக்கொடுத்தேன். 'சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் கணக்கு உத்தியோகம் பார்த்தவர்.' அவ்வளவுதான்.

அது பொய்யில்லை. ஆனால் பாதி. அந்தக் கம்பெனியின் துரை என் வேலையைப் பார்த்து மெச்சி, லண்டன் ஆபீசில் இந்தியக் கணக்கைப் பார்க்க ஆள் வேண்டும் என்று 1902-ல் என்னைக் கப்பலேற்றிவிட்டார். மூன்று வருஷம் அங்கே இருந்தேன். பகலில் ஆபீஸ், சாயங்காலம் கணக்குப் பரிசோதனை வகுப்பு. பரீட்சையும் தேறினேன். இந்த ஜில்லாவில் அந்தப் பரீட்சை தேறியவர் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அந்தச் சர்ட்டிபிகேட்டை டிரங்குப் பெட்டியின் அடித்தகட்டில், பழைய பஞ்சாங்கத்துக்குள் மடித்து வைத்திருந்தேன்.

காரணம் என் மாமனார் ஐயம்பெருமாள் பிள்ளை. பூண்டு, வெங்காயம் சேர்க்காத சைவம். அவருடைய பெரியப்பா பேரன் ஒருவன் சீமையில் பாரிஸ்டர் படிப்பு முடித்து வந்தபோது, கல்யாணப் பந்தியில் அவனுக்கு மட்டும் கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் இலை போடச் செய்தவர். மாட்டிறைச்சியும் சாராயமும் தொடாமல் அங்கே ஒருவன் உயிரோடு இருக்க முடியாது என்பது அவர் தீர்மானம். அந்தக் கதையை என் மனைவி கோமு எனக்குச் சொன்னபோது சிரிக்கவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. மகள் தகப்பன் பக்கம்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஆகவே வீட்டார் கணக்கில் நான் சென்னையில்தான் இருந்தேன். மயிலாப்பூரில் இருந்த என் சிநேகிதன் சிவசண்முகம் இதற்கு உடந்தை. கோமு அவன் விலாசத்துக்கு எழுதுவாள். அவன் அதை உறையிலிட்டு லண்டனுக்கு அனுப்புவான். என் பதிலை நான் அவனுக்கு அனுப்ப, அவன் சென்னை முத்திரை விழும்படி வேறு உறையிலிட்டுத் திருநெல்வேலிக்குத் தபாலில் போடுவான். எனக்கு அப்போது இருபத்தாறு வயது, என்னை மகா புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது கொழும்பில் இறங்கினேன். கால்சட்டையும் தொப்பியுமாகத் தூத்துக்குடிக் கப்பலில் ஏறினால் கதை கந்தலாகிவிடும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக் கடைக்குள் நுழைந்து வேஷ்டி துண்டு வாங்கி, உள்ளேயே மாற்றிக்கொண்டு, சீமைத் துணிகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அது அசன் மைதீன் முதலாளியின் கடை. அன்றைக்குக் கல்லாவில் இருந்தவர் அவர்தான்; அவர் விசாரித்தபோது லண்டன் வாசம், பரீட்சை எல்லாவற்றையும் பெருமையாகச் சொல்லியும்விட்டேன். தொப்பி போட்டவன் திருநெல்வேலித் தமிழில் வேஷ்டி கேட்டால் எந்த வியாபாரி மறப்பான்? ஆனாலும் இத்தனை வருஷம் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்ததில்லை. அவரும் மறந்துவிட்டார் என்று நிம்மதியாக இருந்தேன்.

போன வியாழக்கிழமை காலை, பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டுக் கை குலுக்கினார். இவ்வளவு பெரிய படிப்பை ஏன் ஒளித்து வைத்தீர் என்று கேட்டார். அவர் மேஜையில் புது மை வாசனையோடு எங்கள் விவரப் பத்திரிகை கிடந்தது. என் பெயருக்குக் கீழே ஒரு வரி இல்லை, ஆறு வரி இருந்தது. 'லண்டன் மாநகரில் 1902 முதல் 1905 வரை மூன்று வருஷம் வாசம் செய்து, கணக்குப் பரிசோதனைக் கலையில் தேர்ச்சி பெற்று' என்று ஆரம்பித்தது. அதற்கு மேல் எழுத்து தெரியவில்லை. லீவுகூடச் சொல்லாமல் வெளியே வந்து ஒரு குதிரைவண்டியைப் பிடித்தேன்.

முதலாளியின் கிடங்கு கொக்கிரகுளத்தில், பாலத்துக்கு இந்தப் பக்கம். வண்டியை நிறுத்தி உள்ளே போனேன். ஜவுளிச் சிப்பங்களுக்கு நடுவே உட்கார்ந்து சுலைமானித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் மலர்ந்து போனார். யாரைக் கேட்டு அதை எழுதினீர்கள் என்று சத்தம் போட்டேன். அவருக்குப் புரியவே இல்லை.

"நீரு எழுதிக் குடுத்ததைப் பாத்தா குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்ட மாதிரில்லா இருந்திச்சு, பிள்ளைவாள். அச்சாபீசுல நாந்தான் மாத்திச் சொன்னேன். சீமையில படிச்ச ஒரே டைரக்டரு நீரு. அதை மறைச்சா பங்கு எவன்வே வாங்குவான்?"

வீட்டுக்குத் தெரியாது என்றேன். அவர் குவளையைக் கீழே வைத்தார். பிறகு பைய ஒரு விஷயத்தைச் சொன்னார். காலையில் பேட்டைக்குப் போகிற வழியில், முதல் பிரதி டைரக்டர் வீட்டுக்குத்தான் போகவேண்டும் என்று அவரே என் வீட்டில் இறங்கி, அதைக் கோமுவின் கையில் கொடுத்திருக்கிறார். கல்கண்டும் பேரீச்சம்பழமும் வைத்து.

முதலாளி வாய் ஓயாமல் மன்னிப்புக் கேட்டார். அவர் செய்ததில் என்ன தப்பு? மனிதன் பெருமைப்பட வேண்டியதை ஒளித்து வைப்பான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பாலத்தின் மேல் வண்டி போகும்போது ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடியது. நான் அதைப் பார்க்கவில்லை. கோமுவிடம் சொல்லவேண்டியதை அடுக்கிக்கொண்டே போனேன். மாமிசம் தொடவில்லை, உருளைக்கிழங்கும் ரொட்டியும் பாலும் தின்றே மூன்று வருஷத்தை ஓட்டினேன், திங்கட்கிழமை விரதம்கூட விடவில்லை. இதெல்லாம் சத்தியம். ஆனால் மூன்று வருஷம் புளுகிய வாயால் சொல்லும் சத்தியத்தை யார் நம்புவார்கள்? அவள் நாளைக்கே மகள் ஞானம்பாளைக் கூட்டிக்கொண்டு தகப்பன் வீட்டுக்குப் போய்விடுவாள், அல்லது வீட்டிலேயே இருந்து எனக்குத் தனித் தட்டு வைத்துவிடுவாள். இரண்டாவதுதான் எனக்கு அதிகப் பயம்.

வீட்டில் அடுக்களை அடைத்திருந்தது. கோமு கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள், மடியில் பத்திரிகை. நன்றாகத் தமிழ் வாசிப்பாள். முகம் வீங்கியிருந்தது. கல்கண்டுத் தட்டு தொடாமல் பக்கத்தில் இருந்தது.

நான் நின்றபடியே ஆரம்பித்தேன். உருளைக்கிழங்கிலிருந்து ஆரம்பித்தேன். அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"ஞானம்பாளுக்கு அம்மை போட்டுச்சே, ஒரு ஆவணியில. அப்ப நீங்க எங்க இருந்திய?"

"லண்டன்ல."

"காயிதம் அங்கன வந்துசேர எத்தனை நாளு ஆவும்?"

மூன்று வாரம் என்றேன். நான் எழுதும் பதில் திரும்பி வர இன்னும் மூன்று வாரம். அவள் விரல் விட்டு எண்ணினாள். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. மறுபடி எண்ணினாள். பிறகு பத்திரிகையால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். கப்பலேறிய தீட்டுக்காக அழுகிறாள் என்று நினைத்து நான் ராமேஸ்வரம் போய்ப் பிராயச்சித்தம் செய்துகொள்கிறேன் என்றேன். என்னைப் போன்ற முட்டாள் இந்தச் சீமையிலும் இல்லை, அந்தச் சீமையிலும் இல்லை.

"பிள்ளை பொழைக்குமோ பொழைக்காதோன்னு எழுதினேன். மத்த காயிதத்துக்கெல்லாம் தாமசமாத்தான் எழுதுவிய, இதுக்காச்சும் மெட்ராஸ்ல இருந்து ரெண்டு நாள்ல பதில் வரும்னு வாசல்லயே கெடந்தேன். ஒன்றரை மாசம் கழிச்சு, இப்ப எப்படி இருக்கான்னு ஒரு காயிதம் வருது. அப்பா அவுக கணக்கப்பிள்ளையை மயிலாப்பூருக்கு அனுப்பிப் பாத்தாக. வெளிய போயிருக்காரு, சாயங்காலம் வருவாருன்னு ஒங்க கூட்டாளி சொன்னாராம். மூணு நாளு போயிப் போயிப் பாத்துட்டுத் திரும்பி வந்தாரு. மூணு நாளும் வீடு தங்காத ஆம்பளைக்கு வேற வீடு இருக்குன்னுதான நாங்க நெனைப்போம்?"

எனக்கு முதலில் அர்த்தமாகவில்லை. அர்த்தமானதும் அவள் எதிரில் உட்கார்ந்தேன். எட்டு வருஷம். நான் திரும்பி வந்து ஒரே வீட்டில் ஆறு வருஷம். என் சட்டைக்கு நானே பொத்தான் தைத்துக்கொண்டபோதெல்லாம், யாரோ ஒருத்தி பழக்கிவிட்டிருக்கிறாள் என்று இவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவேனோ என்று கேட்கவே இல்லை. நான் இவளுடைய ஆசாரத்துக்குப் பயந்து வாயை மூடியிருந்தேன். இவள் என் பதிலுக்குப் பயந்து மூடியிருந்தாள்.

"அங்கன யாரு ஒங்களுக்குப் பொங்கிப் போட்டா?" என்று மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள்.

ஒருத்தரும் இல்லை, நானேதான் என்றேன். ஒரு சின்ன அறை, ஒரு கணப்பு, ஒரு சட்டி. உருளைக்கிழங்கு வேகும்போது உன் ரசத்தை நினைத்து அழுதிருக்கிறேன் என்றேன். அதுவும் சத்தியம். அவள் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் நிற்கவில்லை. எனக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. மார்பில் வைத்திருந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கிக்கொண்டு போனது போல இருந்தது. சீமைத் தீட்டு உனக்குப் பெரிதில்லையா என்று கேட்டேன். கப்பலில்தானே போனீர்கள், இன்னொருத்தி வீட்டுக்குப் போகவில்லையே என்றாள். அப்பாவிடம் தானே பேசிக்கொள்வதாகவும், எட்டு வருஷமாக மருமகனைப் பற்றி மனசுக்குள் புழுங்குகிறவருக்கு இது நல்ல சேதியாகத்தான் இருக்கும் என்றும் சொன்னாள். மாமனார் என்னோடு முகம் கொடுத்துப் பேசாததன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பந்தியில் அவர் என்னைத் தள்ளி வைக்கலாம், வைக்கட்டும். அது எனக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை.

அடுக்களையைத் திறந்து அடுப்பை மூட்டினாள். நான் நிலைப்படியில் உட்கார்ந்திருந்தேன். பருப்புக் களையும்போது முதுகைக் காட்டிக்கொண்டே, அந்த மெட்ராஸ்காரிக்குத் தான் ஒரு பெயர்கூட வைத்திருந்ததாகச் சொன்னாள். என்ன பெயர் என்று கேட்டேன். மாரிக்கண்ணு என்றாள். நல்ல சிவப்பு, நெற்றியில் சுருட்டை முடி, வீணை வாசிப்பாள். எல்லாம் இவள் கற்பனைதான். தினமும் காந்திமதியம்மன் சன்னிதியில் நின்று அவளுக்குக் கண் அவிந்துபோக வேண்டும், வயிறு திறக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வாளாம்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போயி அம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றாள். "பாவம், ஒரு தப்பும் செய்யாதவளை எட்டு வருசமா ஏசியிருக்கேன்."

மறுநாள் இரண்டு பேருமே போனோம். மாரிக்கண்ணு பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்தாள். நட்சத்திரம் என்ன என்று குருக்கள் கேட்டபோது என் நட்சத்திரத்தையே சொன்னாள்.