எல்லைப் பலகைக்குக் கொஞ்சம் முன்னால்

நான் ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். சாலைச் சட்டம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. போன வருடம்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சிவப்பு விளக்கு எரிந்தாலும் இடப்பக்கம் திரும்பிக்கொள்ளலாம் என்பது எங்கள் மாநிலத்துச் சட்டம். அந்தத் தைரியத்தில் பக்கத்து மாநிலத்திலும் திரும்பினேன். அங்கே அது குற்றமாம். அபராதத்தோடு எச்சரிக்கையும் வந்தது: எந்த மாநிலத்தில் இன்னொரு முறை மாட்டினாலும் பயிற்சி கொடுக்கும் உரிமம் பறிபோகும். எனக்கு வேறு தொழில் தெரியாது. வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது.

இப்போது கொழுந்தியாளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது; மனைவியோடு பார்க்கப் போக வேண்டும். அவள் வாக்கப்பட்டதும் அதே பாழாய்ப்போன மாநிலத்தில்தான். சும்மா விடுவேனா? அந்த ஊர்ச் சட்டத்தைக் கரைத்துக் குடித்தேன். காரின் பின்கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டுவது இங்கே சரி, அங்கே தப்பு. வீட்டிலேயே கிழித்திருக்கலாம். எல்லைவரை வெயில் படாமல் போகலாமே என்று கணக்குப் போட்டேன்.

எல்லைப் பலகை கண்ணில் பட்டதும் ஓரங்கட்டி இறங்கி, நகத்தால் தாளைச் சுரண்டினேன். மனைவியும் இறங்கி வந்து முழங்கையால் இடித்தாள்.

"என்னங்க, இங்க வண்டிய நிறுத்தக் கூடாதுன்னு போட்டிருக்கே?"

அந்தத் தடைப் பலகை என் தலைக்கு மேலேயே இருந்தது. அதற்குள் போலீஸ்காரர் வந்துவிட்டார். எங்கள் மாநிலத்துக்காரர், நல்ல மனிதர். வியர்த்துக் கொட்டிய என் முகத்தைப் பார்த்து இளகிப்போனார்.

"தெரியாம நிறுத்திட்டீங்க போல?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனைவி என் கையைக் கிள்ளினாள். ஆனால் சட்டம் தெரியாதவன் என்று என்னைப் பார்த்து ஒருவர் சொல்வதா? என் நாக்கில் சனி உட்கார்ந்தான்.

"தெரியாமலா? எங்க நிறுத்தக் கூடாதுங்கிறதுதான் சார் முதல் பாடம். நடத்துறதே நான்தான்."

நுணலும் தன் வாயால் கெடும். அவர் பெருமூச்சு விட்டு அபராதச் சீட்டை எழுதினார்.

மிச்சத் தாளை மனைவி ஒரே இழுப்பில் கிழித்தாள். என் கையிலிருந்து சாவியையும் வாங்கிக்கொண்டாள். என்னிடம் ஓட்டக் கற்றவள்தான். பயிற்சிக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு; இது வீட்டுக் கார். வழியெல்லாம் என் கால் அதைத் தேடி வெறும் தரையை மிதித்துக்கொண்டே வந்தது.

"காலை எடுங்க," என்றாள், சாலையைப் பார்த்தபடி. "இனிமே உங்க பக்கம் பிரேக் கிடையாது."