ஆவுடையப்பனுக்குப் போட்ட குடம்

செண்பகவடிவு நூலகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் கணவனை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நடந்தது இவ்வளவுதான். ஆவுடையப்பன் பழுதான மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றுகிறவர். கடைக்கு லீவு விட்டால் கிளை நூலகத்துக்குப் போவார். வேளாண்மை அலமாரிக்குப் பக்கத்தில் பேப்பரை விரித்தபடி தூங்குவார். அன்றைக்கு அங்கே வருடாந்தரக் கணக்கெடுப்பு. கட்டடத்துக்குள் நம்பர் இல்லாமல் எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. தூக்கம் கலையாமலே அவர் பிடரியில் முத்திரை விழுந்துவிட்டது.

"ஒரு பத்து நிமிஷம் முந்தி வந்திருக்கக் கூடாதாக்கா? இப்பதான் எடுத்துட்டுப் போறாவ" என்றார் நூலகர் மந்திரமூர்த்தி.

"யாரு?"

"அதச் சொல்லக் கூடாது."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"ஜெபமணி டீச்சர்."

செண்பகவடிவு மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "சார், அவிய எங்க வீட்டுக்காரவ. புஸ்தகம் இல்ல."

"எல்லாப் புஸ்தகமும் ஒரு காலத்துல யாரோ ஒருத்தர் வீட்டுல இருந்ததுதான்" என்றார் மந்திரமூர்த்தி. "நம்பர்ல பாரபட்சம் கிடையாதுக்கா. ஃபேனுக்குப் போட்டிருக்கேன். எனக்கே போட்டிருக்கேன், பாருங்க." காலரை விலக்கிக் காட்டினார். ஊதா மை கொஞ்சம் கலைந்திருந்தது. யாரும் எடுத்த தேதி அதில் இல்லை.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"குடம் போட்டு வைங்க."

அந்த ஊரில் வெளியே போன புத்தகத்துக்கு முன்பதிவு என்றால் குடம்தான். முன்னால் சீட்டு எழுதி வைத்தார்கள். ஃபேன் போட்டதும் சீட்டு பறந்து வரிசை மாறியது. அடிதடி வந்தது. குழாயடியில் நடக்கிற நியாயம் இங்கே மட்டும் நடக்காதா என்று யாரோ கேட்டார்கள். அன்றிலிருந்து குடம். அவரவர் வீட்டுக் குடத்தைக் கொண்டுவந்து, வேண்டிய புத்தகத்தின் பேர் சொல்லி, வரிசையில் வைத்துவிட்டுப் போகலாம். குடம் நகர்ந்தால் நாம் நகர்ந்த மாதிரி.

அவள் வீட்டுக்கு ஓடிப் பச்சைக் குடத்தை எடுத்து வந்தாள். கழுத்தில் நகப்பாலிஷால் 'செ.வ.' என்று எழுதிய குடம். வந்து பார்த்தால் ஆவுடையப்பனுக்கு முன்னமே பெரிய வரிசை நின்றது. சிவப்புக் குடங்கள், நீலக் குடங்கள், வாய் நெளிந்த ஒரு பித்தளைக் குடம்.

"மத்தியானம்தானே சார் நம்பர் போட்டிய! அதுக்குள்ளயா?"

"புது வரவுக்கா. புது வரவுன்னா ஜனங்க விடாதுல்லா."

அவள் கடைசியில் தன் குடத்தை வைத்தாள். சின்ன ஹால் அது. எட்டு அடி எடுத்து வைத்தால் சுவர் வந்துவிடும். இப்போது சுவர் தெரியவில்லை. குடங்கள் போகிற அளவுக்கு ஹாலும் கூடவே போயிருந்தது.

"கூட்டம் சேர்ந்தா அப்படித்தான் நீளும்" என்றார் மந்திரமூர்த்தி. "தேர்வு சமயத்துல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவும்."

தினமும் போய்ப் பார்த்தாள். குடங்கள் நகரவே இல்லை. ஜெபமணி டீச்சர் போனிலேயே தவணையை நீட்டிக்கொண்டிருந்தாள். வரிசையில் இருந்த ஒருவர் செத்தே போனார். அவர் குடம் இடத்தை விடவில்லை.

வீட்டில் ஆவுடையப்பன் அதிகம் பேசுகிறவர் அல்ல. எங்காவது தண்ணீர் மோட்டார் ஓடினால் தலையைச் சாய்த்துக் கேட்டு, "பேரிங் போயிட்டு" என்பார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அதிகம் கேட்ட வாக்கியம் அதுதான். இப்போது பக்கத்து வீட்டு மோட்டார் ஓடியது. பேரிங் போயிருக்கிறதா இல்லையா என்று சொல்ல ஆளில்லை.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் டீச்சர் வீட்டுக்கே போய்விட்டாள்.

ஜெபமணி டீச்சர் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். தனி ஆள். முன் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே பிரம்பு நாற்காலியில் ஆவுடையப்பன். இரண்டு கையையும் விரித்து விரித்துப் பேசிக்கொண்டிருந்தார். டீச்சர் எதிரே பென்சிலோடு உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

செண்பகவடிவு ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். "எப்ப முடிப்பிய டீச்சர்?"

"நல்லாப் போகுதும்மா. அவசரப்படுத்தாத."

"எதப் பத்திச் சொல்லுதாவ?"

"சொல்லிட்டா நீ படிக்கும்போது சுவாரஸ்யம் போயிரும்லா?"

"நான் அவிய பெஞ்சாதி!"

"அதனாலதான் சொல்லுதேன். உனக்குக் கொஞ்சமாவது புதுசா இருக்கட்டும்." டீச்சர் எழுந்து வந்தாள். "வெளிய நின்னு கேக்காத. அதுக்குப் பேரு ஓசிப் படிப்பு."

ஜன்னல் சாத்தப்பட்டது.

மறுநாள் செண்பகவடிவு அந்தக் காரியத்தைச் செய்தாள். குழாயடியில் தண்ணீர் பிடித்து வளர்ந்த யாரும் செய்யக் கூசுகிற, ஆனால் எல்லாரும் செய்கிற காரியம். மந்திரமூர்த்தி அலமாரிக்குப் பின்னால் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் தன் குடத்தைத் தூக்கினாள்.

தூக்க முடியவில்லை. வெறும் குடமாக வைத்தது. விளிம்பு வரை தண்ணீர் நின்றது. மற்றக் குடங்களும் அப்படியே. இழுத்தாள். தரை நனைய நனைய இழுத்து, வரிசையில் முதலாவதாக நின்ற பித்தளைக் குடத்துக்கும் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"வெறுங்குடமாத்தான வச்சேன்" என்றாள், கை கழுவி வந்த மந்திரமூர்த்தியிடம். கேட்டிருக்கக் கூடாது. வாயில் வந்துவிட்டது.

"காத்துக் கெடந்தா நெறஞ்சிரும்." அவர் தரையைப் பார்த்தார். "நகத்தினியளாக்கும்?"

அவள் ஈரத்தைக் காலால் தேய்த்தாள்.

"பதறாதிய. ஒங்களுக்குப் பின்னால வந்தவங்க ஒங்க குடத்த ரெண்டு தரம் பின்னால தள்ளியாச்சு. நான் பாக்கத்தான் செஞ்சேன்."

"சொல்லலையே!"

"நூலகத்துல சத்தம் போடக் கூடாதுல்லா."

அந்த வாரமே டீச்சர் ஆவுடையப்பனைத் திருப்பிக் கொடுத்தாள். முன்னால் நின்றது பச்சைக் குடம். செண்பகவடிவின் கார்டில் தேதி குத்தி, ஆளை அவளிடம் நீட்டினார் மந்திரமூர்த்தி.

"வாங்க அத்தான், வீட்டுக்குப் போவோம்."

"நல்லதும்மா" என்றார் ஆவுடையப்பன்.

வழி முழுக்க அவர் ஒரு அடி தள்ளியே நடந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும், "எங்க உக்காரணும்?" என்று கேட்டார். அவள் நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் தோளைத் தொட்டாள்.

அவ்வளவுதான். ஆவுடையப்பன் பேச ஆரம்பித்தார்.

ஆற்றில் முங்கி அய்யாவின் கைக்கடிகாரத்தைத் தொலைத்தது. அதைச் சொல்லப் பயந்து உப்பளத்துக்கு ஓடிப் போனது. அங்கே ஒரு பழைய மோட்டாரைப் பிரித்து, திரும்ப மாட்டத் தெரியாமல் அதன் பக்கத்திலேயே அழுதுகொண்டு படுத்தது. செண்பகவடிவு அடுப்பை அணைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. இந்த மனுஷனோடுதான் இத்தனை நாள் இருந்தோமா என்று பயமாகக்கூட இருந்தது.

"பங்குனி மாசம்" என்றார் ஆவுடையப்பன். "விடியக்காலத்துல மணவறையில கொண்டு உக்கார வச்சாவ. காலு நடுங்குது. பக்கத்துல..."

அவள் நிமிர்ந்தாள்.

"கடைய மேலரத வீதிக்கு மாத்தினப்ப வாடகை கூட" என்றார் ஆவுடையப்பன்.

"அத்தான்! பக்கத்துல யாரு?"

"வாடகை கூட. ஆனா வெளிச்சம் நல்லா இருக்கும்."

அவள் எழுந்து அவரைச் சுற்றி வந்தாள். வலது காதுக்குப் பின்னால், முடி ஓரத்தில், பிசிறு பிசிறாக ஒரு கிழிசல். பக்கம் போயிருந்தது.

"நான் யாரு அத்தான்?"

ஆவுடையப்பன் மரியாதையாகச் சிரித்தார். "எடுத்திருக்கவங்க."

டீச்சர் வீட்டுக் கேட்டைச் செண்பகவடிவு உதைக்காத குறையாகத் தள்ளினாள். "பக்கத்தக் கிழிச்சியளா?"

"ஆமா" என்றாள் ஜெபமணி டீச்சர். "பின்பக்கத்துல சொதி இருந்துச்சு."

"என்னது?"

"மாப்பிள்ளைச் சொதி. கல்யாணத்துக்கு மறுநாள் ஒங்க அம்மை வச்சது. பாசிப்பருப்பு எவ்வளவு, தேங்காய்ப்பால் எத்தனை தரம், எல்லாம் அளவோட சொன்னாரு. நான் எத்தனை வருஷமா தேடுதேன் தெரியுமா?"

"எழுதி வச்சுக்கிட்டா ஆகாதா?"

"சமையல் குறிப்ப யாரும்மா எழுதுவா? கிழிக்கறதுதான வழக்கம்." டீச்சருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "முன்பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு நான் பாக்கக்கூட இல்ல."

டீச்சரின் தோளுக்கு மேலே அடுக்களை தெரிந்தது. காலண்டர் ஆணியில், காலண்டருக்கு முன்னால், அந்தப் பக்கம் தொங்கியது. காற்றில் லேசாக ஆடியது.

"தாங்க டீச்சர். நானே போய் எடுத்துக்கிடுதேன்."

டீச்சர் வாசலை மறித்தாள். "வாசகரெல்லாம் வாசலோட. வீட்டுக்குள்ள நான் புஸ்தகத்த மட்டும்தான் விடுவேன்."

திரும்பி வரும்போது செண்பகவடிவு முடிவு செய்துவிட்டாள்.

தவணை முடிந்த அன்று நூலகத்துக்குப் போனாள். ஆவுடையப்பன் அவளுக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு வந்தார். பித்தளைக் குடத்துக்காரர் பெஞ்சில் தயாராக இருந்தார்.

"புஸ்தகம் தொலைஞ்சு போச்சு சார்" என்றாள்.

மந்திரமூர்த்தி எட்டிப் பார்த்தார். "பின்னாலதான நிக்காரு?"

"தொலைஞ்சு போச்சுன்னு சொல்லுதேன்லா?"

அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆவுடையப்பனைப் பார்த்தார். "தொலைஞ்சுதான் போச்சு" என்றார். "அப்ப அதுக்கு ஈடா வேற ஒண்ணு வைக்கணுமேக்கா."

"நான் இருக்கேன்."

மந்திரமூர்த்தி மேஜையைச் சுற்றி வந்து அவளைத் திருப்பிப் பார்த்தார். "அட்டை கொஞ்சம் நைஞ்சிருக்கு. கட்டுமானம் பரவால்ல." பெஞ்சைப் பார்த்து, "அண்ணாச்சி, இது ஒங்களுக்கு ஆகுமா?" என்றார். பித்தளைக் குடத்துக்காரர் தலையாட்டினார். அவருக்கு மோட்டார் சம்பந்தமாகத்தான் வேண்டுமாம்.

முத்திரை பிடரியில் விழுந்தபோது சில்லென்றிருந்தது.

"சார், நீங்க இனிமே போலாம்" என்றார் மந்திரமூர்த்தி ஆவுடையப்பனிடம்.

"எங்க?"

"வீட்டுக்கு."

"எந்த வீடு?"

செண்பகவடிவுதான் சொன்னாள். கோயிலைத் தாண்டி வலது கை, முருங்கை மரம் நிற்கிற வீடு, சாவி மீட்டர் பெட்டி மேலே இருக்கும். ஆவுடையப்பன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டு, அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

புது வரவு என்றால் டீச்சருக்கு மூக்கு வியர்க்கும். மாலைக்குள் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதே பிரம்பு நாற்காலி. அங்கிருந்து அடுக்களை நேராகத் தெரிந்தது. காலண்டர் ஆணி தெரிந்தது. எழுந்து ஓடி எடுத்துவிடலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அங்கேதான் கணக்கு தப்பியது. புத்தகம் தானாக எழுந்திருக்காது. கால் அவளுடையதாக இல்லை. ஆணி கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனது. இடையில் இருந்த நடை நீண்டு, பக்கம் ஒரு தபால்தலை அளவாகச் சிறுத்தது.

டீச்சர் பென்சிலைச் சீவிக்கொண்டு வந்து அவள் தோளைத் தொட்டாள்.

செண்பகவடிவின் வாய் தானாகத் திறந்தது. பிறந்ததிலிருந்து தொடங்கியது. நிறுத்திப் பார்த்தாள், முடியவில்லை. மாடியிலிருந்து விழுந்தது, பத்தாவதில் கணக்கில் ஃபெயிலாகிப் போனது எல்லாம் வந்தது. கணக்கில் போன இடத்தில் டீச்சர் அடிக்கோடு போட்டாள்.

கேட் சத்தம் கேட்டது. திறந்திருந்த ஜன்னலில் ஆவுடையப்பன் நின்றார். இடுப்பில் பச்சைக் குடம்.

"ஆவுடையப்பனா? ஒன்ன முடிச்சுட்டனேப்பா" என்றாள் டீச்சர்.

"இல்ல டீச்சர். ஒங்ககிட்ட இருக்க புஸ்தகம் எனக்கு வேணும். நூலகத்துல குடம் ரொம்பப் பின்னால நிக்கும்போலுக்கு. அதான் நேர்லயே கேக்கலாம்னு."

"ஒனக்கு எதுக்கு இந்தப் புஸ்தகம்?"

ஆவுடையப்பன் குடத்தை மாற்றிப் பிடித்தார். "எங்க வீட்டுல எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்கு டீச்சர். ரெண்டு தட்டு, ரெண்டு தலையணை. ஒரு சீப்புல நீள முடி. யாருக்குன்னு தெரியல. இந்தப் புஸ்தகத்துல இருக்கும்னு தோணுது."

"பங்குனி மாசம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள் செண்பகவடிவு. "விடியக்காலத்துல மணவறையில கொண்டு உக்கார வச்சாவ. பக்கத்துல..."

ஆவுடையப்பன் தலையைச் சாய்த்தார். தூரத்தில் மோட்டார் ஓடினால் சாய்ப்பாரே, அதே சாய்ப்பு.

"ஓசிப் படிப்பு கூடாது" என்று டீச்சர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

வெளியே படியில் குடம் வைக்கிற சத்தம் கேட்டது. காலிக் குடம். அதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் சத்தம்.

"பக்கத்துல அவிய இருந்தாவ" என்றாள் செண்பகவடிவு.

டீச்சர் கவனிக்கவில்லை. நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். "சொதிக்கு இஞ்சித் துவையல் இல்லாட்டா எடுபடாது" என்றாள் தனக்குத்தானே. "ஒங்க அம்மை அதையும் அன்னைக்குத்தான அரைச்சிருப்பா? இதுக்குப் பின்பக்கத்துல இருக்கணுமே."

ஒரு விரல் அவள் முடியை ஒதுக்கியது.

செண்பகவடிவு குரலை உயர்த்தினாள். சாத்திய ஜன்னலைத் தாண்டி, படியைத் தொடுகிற அளவுக்கு உயர்த்தினாள். "பக்கத்துல அவிய இருந்தாவ. அவிய காலு நடுங்கிக்கிட்டிருந்துச்சு. யாருக்கும் தெரியாம நான் என் சேலைய இழுத்து அந்தக் கால மூடினேன். அப்ப அவிய என்னத் திரும்பிப் பாத்து..."

காதுக்குப் பின்னால் தாள் மடிகிற சத்தம் கேட்டது.