மாடு தின்ற புல்

அருங்காட்சியகத்தில் எல்லோரும் அவளை விதையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பயிர்களின் வரலாறு அவள் வேலை. கோதுமையை முதலில் விதைத்தது யார், நெல்லைச் சேற்றில் இறக்கியது யார், உருளைக்கிழங்கு எந்த மலையிலிருந்து இறங்கி வந்தது என்று கேட்டுவிட்டால் போதும், சாப்பாட்டு இடைவேளை முடிந்தும் சொல்லிக்கொண்டே இருப்பாள். அதனாலேயே இடைவேளையில் யாரும் அவளிடம் வாயைக் கொடுப்பதில்லை.

கட்டடத்துக்குப் பின்னால் புதிதாக ஒரு தோட்டம் போட்டிருந்தார்கள். நான்கு பாத்திகள். ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு பாதி பயிர், மறு பாதி அந்தப் பயிர் எந்தக் காட்டுச் செடியிலிருந்து வந்ததோ அந்தச் செடி. யாரோ ஒருவர் ஓரிடத்தில் விவசாயத்தைக் கண்டுபிடித்து உலகத்துக்கெல்லாம் பங்கு வைத்துக் கொடுக்கவில்லை, ஒருவரைப் பற்றி ஒருவர் கேள்வியே பட்டிராத மக்கள் அங்கங்கே தங்கள் புல்லைத் தாங்களே பழக்கிக்கொண்டார்கள் என்று பார்க்கிறவர்கள் கண்ணாலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அவள் திட்டம் அதுதான்.

நாலாவது பாத்தி மக்காச்சோளத்துக்கு. அதன் மூதாதை மெக்சிகோ பக்கத்துப் புல் ஒன்று. கதிர் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும், விரல் நீளம்தான். அதில் பத்துப் பன்னிரண்டு விதை, ஒவ்வொன்றும் கல் மாதிரி ஓட்டுக்குள். இதிலிருந்தா அது வந்தது என்று அறிஞர்களே வெகுகாலம் சண்டை போட்டிருக்கிறார்கள். ஒன்பதாயிரம் வருடத்துக்கு முன்னால் யாரோ இந்தப் புல்லைப் பார்த்து, பரவாயில்லை, இதையும் விதைத்துப் பார்ப்போம் என்று நினைத்திருக்கிறார்கள். அந்த ஆளை நினைத்தால் விதையக்காவுக்கு ஒரு மரியாதை கலந்த ஆச்சரியம்.

வெளிநாட்டு விதை வங்கி ஒன்று இருபது விதை அனுப்பியது. அதற்கு இரண்டு வருடம் கடிதம் எழுதினாள். அதற்குப் பிறகு எட்டு மாதம் தண்ணீர் ஊற்றினாள். செடி ஆளுயரம் வளர்ந்து, கதிர் பிடித்து, விதை முற்றத் தொடங்கியிருந்தது. திறப்பு விழாவுக்கு நாலு நாள் இருந்தது. அன்று காலை அவள் தோட்டத்துக்குள் வந்தபோது புல் இருந்த பாதி மொட்டையாகக் கிடந்தது. மக்காச்சோளம் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி நின்றது.

தோட்டக்காரனைக் கூப்பிட்டாள். கையில் எது கிடைத்தாலும் கத்தரித்துவிடுவான் என்பதால் அவனுக்குக் கத்திரி என்று பெயர். அவன் தயங்காமல் சொன்னான்.

"டைரக்டர் சார்தான் நேத்து சாயங்காலம் வந்து, களையெல்லாம் எடுத்துட்டு சுத்தமா வைன்னு சொன்னாரு அக்கா. புல்லு ரொம்ப வளந்திருந்துச்சு."

"அதுல பலகை வச்சிருந்தேனே?"

பலகையை இயக்குநர் அறை ஆட்கள் போன வாரமே எடுத்துப் போய்விட்டார்கள் என்றான். எழுத்தின் நிறம் மற்ற பலகைகளோடு ஒத்துப்போகவில்லையாம்.

விதையக்கா நேராக இயக்குநர் அறைக்குப் போனாள். அவர் திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் எந்த வாசல் வழியாக வருவார்கள் என்பதில் மூழ்கியிருந்தார். அவள் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு, "பாக்கறவங்களுக்கு அது புல்லுதானேம்மா? ஒரு நல்ல படமா பெருசா அடிச்சு வச்சிடுங்க" என்றார். அவளுக்கு வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். சொல்லாமல் வெளியே வந்தாள்.

வெட்டிய புல் எங்கே என்று கத்திரியைக் கேட்டாள். விதை முற்றியிருந்தால் அதையாவது காப்பாற்றலாம். விதை வங்கிக்குத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்திருந்தாள். கத்திரி முதல்முறையாகத் தலையைச் சொறிந்தான். ஊரோரத்தில் அவன் அண்ணி இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறாள். பச்சைப் புல் வீணாகப் போகிறதே என்று கட்டு கட்டி அங்கே கொடுத்துவிட்டானாம்.

இருவரும் பஸ் பிடித்துப் போனார்கள். தீவனத் தொட்டியில் ஒரு தண்டுகூட மிச்சமில்லை. மாடுகள் திருப்தியாக அசைபோட்டுக்கொண்டிருந்தன. விதையக்கா தொழுவத்துக் கம்பத்தில் சாய்ந்துகொண்டாள். அழுகை வரும் போலிருந்தது, வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அப்போதுதான் அவளுக்கு அந்த ஓடு ஞாபகம் வந்தது. முற்றிய விதையின் ஓடு மாட்டின் வயிற்றிலும் கரையாது. அந்தப் புல்லின் சொந்த ஊரிலேயே அது சாணியோடு வயலுக்குப் போய்ப் பரவுகிறது என்று படித்திருக்கிறாள்.

அவள் சொன்னதைக் கேட்ட அண்ணி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இத்தனை படிச்சிட்டு, என் மாட்டுச் சாணியிலயா தேடப் போறீங்க?"

தேடினாள். அடுத்த மூன்று நாளும் விடிந்ததும் வந்து, வாளியில் கரைத்து, சல்லடையில் ஊற்றித் தேடினாள். கத்திரி மூக்கைச் சுளித்துக்கொண்டே தண்ணீர் ஊற்றினான். செய்த காரியத்துக்கு அதையாவது செய்ய வேண்டும் என்று அவனுக்கும் தோன்றியிருக்கும். கடைசியில் ஒன்பது விதை தேறியது. அண்ணி மட்டும் இவள் வருவதற்கு முன்பே பாதிச் சாணியை வாரிப் பின்னால் இருந்த வயலில் கொட்டிவிட்டிருந்தாள். அவள் வேலையை அவள் பார்த்தாள், என்ன சொல்ல முடியும்?

திறப்பு விழா நடந்தது. மொட்டைப் பாதியில் பிளாஸ்டிக் புல்விரிப்பு போட்டு, அதன்மேல் பெரிய படம் வைத்திருந்தார்கள். வந்தவர்கள் படத்தைப் பார்க்கவில்லை, மக்காச்சோளத்தின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். விதையக்கா கடைசி வரிசையில் நின்று கை தட்டினாள். மற்ற மூன்று பாத்திகளையும் பார்த்த ஒரு பெண்மணி மட்டும் வந்து, இங்கே ஏன் ஜோடி இல்லை என்று கேட்டாள். வெட்டிட்டாங்க என்று மட்டும் விதையக்கா சொன்னாள்.

ஒன்பது விதையில் ஆறு முளைத்தன. ஆறையும் தொட்டியில் வைத்து வீட்டு மொட்டைமாடியில் வளர்த்தாள். கணவருக்குக்கூட அந்தப் பக்கம் போக அனுமதியில்லை.

ஒரு மாதம் கழித்து அண்ணியிடமிருந்து போன் வந்தது. பின்வயலில் மாட்டுத் தீவனத்துக்கு மக்காச்சோளம் போட்டிருக்கிறாள். நடுநடுவே வரிசைக்கு வெளியில் ஏதோ முளைத்து வருகிறது. "உங்க புல்லுதான் போலருக்கு. வந்து எடுத்துட்டுப் போங்க."

விதையக்கா ஒரு கணம் துள்ளித்தான் போனாள். அடுத்த கணமே விஷயம் உறைத்தது. அந்தப் புல் மக்காச்சோளத்தோடு மகரந்தம் கலக்கும். ஓட்டு விதை ஒருமுறை வயலில் விழுந்துவிட்டால் வருடக்கணக்கில் போகாது. பக்கத்து வயல்களுக்கும் போகும். பூப்பதற்குள் ஒன்று விடாமல் பிடுங்கியாக வேண்டும். எந்த வேலையை மற்றவர்கள் செய்ததற்காக அத்தனை கோபப்பட்டாளோ, அந்த வேலையை இப்போது அவளே செய்ய வேண்டும்.

முற்பகல் வெயிலில் கத்திரியையும் சேர்த்து மூன்று பேரும் வயலில் இறங்கினார்கள். பார்த்தால் எல்லாமே மக்காச்சோளம். இலையும் ஒன்றுதான், தண்டும் ஒன்றுதான். வரிசைக்கு வெளியே நின்றவற்றைப் பிடுங்குவது சுலபமாக இருந்தது. வரிசைக்குள்ளேயே முளைத்ததுதான் பாடாய்ப் படுத்தியது. இருபது வருடம் இந்தச் செடியைப் பற்றியே படித்தவள், குனிந்து குனிந்து பார்த்தும் நிச்சயமாகச் சொல்ல முடியாமல் நின்றாள். வேரோடு எடுத்து, அடியில் ஒட்டியிருப்பது கல் ஓடா, வெறும் தோலா என்று பார்த்தால்தான் தெரியும். அதற்குள் செடி போய்விடும்.

ஒன்றைப் பிடுங்கினாள். அடியில் மஞ்சள் தோல். மக்காச்சோளம். இன்னொன்று. அதுவும் மக்காச்சோளம். மூன்றாவதில்தான் ஓடு இருந்தது.

அண்ணி பின்னாலேயே வந்து, அவள் வீசிய செடிகளைக் கையில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு புல்லுக்கு ரெண்டு சோளம் போனா எனக்கு என்ன மிஞ்சும்?"

"எனக்கே தெரியல" என்றாள் விதையக்கா. அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த செடியின் பக்கம் குனிந்தாள்.