அன்னம் போட்ட லேஸ்

வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை. சுவர் வெள்ளை, தரை வெள்ளை, முகம் கழுவும் தொட்டி வெள்ளை, டைல்ஸுக்கு நடுவே இழுத்த பூச்சும் வெள்ளை. அனுசுயா மாமி குளியலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பாற்கடல் மாதிரின்னா இருக்கு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வீராயிக்கு மட்டும் அது கோடித்துணியை விரித்துப் போட்ட மாதிரி தெரிந்தது. வாய்விட்டுச் சொல்லக்கூடிய வார்த்தையா அது? விழுங்கிக்கொண்டு கலவைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வீராயி காட்டூர்க்காரி. முகம்மது கனி கொத்தனாரிடம் சித்தாளாகச் சேர்ந்து பாதி ஆயுள் போய்விட்டது. காலையில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடியே காவிரிப் பாலத்தில் ஒரு தூக்கம் போடுவாள். ஸ்ரீரங்கத்தில் இறங்கும்போது, வேலை தொடங்குமுன்னே முட்டி இரண்டும் வலிக்க ஆரம்பித்துவிடும்.

சித்திரை வீதியில் பின்சந்து வரைக்கும் நீளுகிற பழைய வீடு அது. வீட்டுக்காரர் சேதுராமன், மாமியின் கணவர், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிட்டையர் ஆனவர். ஒரே மகள் பத்மஜா. தலைப்பிரசவம். தென்னூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பெற்றெடுத்துப் பிள்ளையோடு அம்மா வீட்டுக்கு வரப்போகிறாள். அவள் வருவதற்குள் கொல்லைப்புறத்துக் குளியலறையை இடித்துப் புதுசாக்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை வெள்ளையும்.

"பிள்ளை பெத்தவ குளிக்கப்போற எடம், வீராயி. ஒரு பொட்டு அழுக்கு இருக்கப்படாது. ஒரு பொட்டுக் காத்தும் வரப்படாது. பச்சை உடம்பு. காத்து பட்டா ஜன்னி கண்டுடும்" என்பாள் மாமி. இதை அவள் சொல்லாத நாள் இல்லை.

வெந்நீருக்குக் கேஸ் கீசர் வாங்கியிருந்தார்கள். கரண்ட் போனாலும் வெந்நீர் நிற்கக்கூடாது என்பது சேதுராமன் சாரின் யோசனை. சிலிண்டர் வெளியே நடையில், எரிகிற பெட்டி உள்ளே சுவரில். மாட்ட வந்த ஆள் திருகாணியை முடுக்கிக்கொண்டே, "இந்த ஜன்னல் திறந்தே இருக்கட்டும்மா. எதையும் மூடிடாதீங்க. உள்ள நெருப்பு எரியுதில்ல" என்றான். மாமி ஊஞ்சலில் உட்கார்ந்து நூலைப் பின்னிக்கொண்டிருந்தாள். கண்ணை எடுக்காமல், "ஆகட்டும், ஆகட்டும்" என்றாள். கனி பாய் போனில் மணல் லாரிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். காதில் வாங்கியவள் வீராயி ஒருத்திதான். அவளும் பஸ்ஸில் கண்டக்டர் கத்துவதைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

மாமி பின்னிக்கொண்டிருந்தது அந்த ஜன்னலுக்கான லேஸ். மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கு வெள்ளை நூலும் குரோஷா ஊசியும் எடுத்தவள், கீழே வைக்கவேயில்லை. கரை முழுக்கத் தாமரை, நடுவில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இரண்டு அன்னம். வீராயி தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டு, சிமென்ட் படிந்த விரலைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். குற்றம் சொல்ல முடியாத வேலை.

ஜன்னலில் பழைய மாதிரி சாய்வுக் கண்ணாடிகள் வரிசையாகச் செருகியிருந்தன. லேஸைக் கட்டிப் பார்த்தபோது கண்ணாடி முனையில் நூல் மாட்டி இழுத்தது. மாமிக்கு உயிரே போய்விட்டது.

"கனி, இந்தப் பட்டையெல்லாம் கழட்டிட்டு ஒரே கண்ணாடியா போட்டு அடைச்சுடுங்கோ. சந்துத் தூசியும் வராது."

"காத்து போக வேணாமா மாமி?"

"காத்து வரப்படாதுன்னுதானே நான் தொண்டைத்தண்ணி வத்தக் கத்திண்டிருக்கேன்!"

கனி பாய் பின்மண்டையைச் சொறிந்தார். வீட்டுக்காரர் கேட்பதைச் செய்து கொடுத்துப் பேர் வாங்கியவர் அவர். எதிர்த்துப் பேசி ஒரு வீட்டையும் கெடுத்துக்கொண்டதில்லை. பால்கண்ணாடி ஒன்றை வெட்டிவந்து பொருத்தி, சுற்றிலும் பசை பிதுக்கி, விரலால் வழித்து விட்டார். மேலே பழைய காற்றாடி இருந்த ஓட்டையை ஏற்கெனவே டைல்ஸ் ஒட்டி மூடியாயிற்று. "எறும்பு நுழையட்டும் பார்ப்போம்" என்றார் பெருமையாக.

அன்னம் இரண்டும் அந்தக் கண்ணாடி முன்னால் தொங்கின. அசையவே இல்லை.

மறுநாள், டைல்ஸில் ஒட்டியிருந்த பூச்சுக் கறையை வெந்நீர் விட்டுத் தேய்க்க வீராயியை அனுப்பினார்கள். நடையெல்லாம் தண்ணீர் தெறிக்கிறது என்று மாமி கதவைச் சாத்தினாள். பெட்டி 'டப்' என்று பற்றியது. வீராயி குந்தி உட்கார்ந்து தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் நெற்றியைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி இருந்தது. எழுந்தாள், முட்டி மடங்கியது. முட்டிவலி அவளுக்குப் பழக்கம். இது வேறு. கால் தன்னுடையதே இல்லை என்பது போல. சுவரைப் பிடித்துக் கதவைத் தள்ளிக்கொண்டு நடையில் வந்து விழுந்தாள்.

"என்ன வீராயி, காலைல சாப்பிடலையா? வீட்ல உலை வைக்கலையா உன் மருமக?" என்று கனி பாய் தண்ணீர் கொண்டுவந்தார்.

"நாலு இட்லி தின்னேன் பாய். உங்க பங்கையும் சேர்த்துத் தின்னேன்."

சிரித்தார்கள். அப்போது வீராயி திறந்த கதவு வழியே உள்ளே பார்த்தாள். பெட்டியின் சின்னத் துவாரத்தில் மாட்டின அன்றைக்கு நீலமாகத் தெரிந்த தீ, மஞ்சளாக நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துச் சுவரிலிருந்து ஒரு பல்லி சொத்தென்று விழுந்தது. வெள்ளைத் தரையில் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. வால்கூடத் துடிக்கவில்லை.

"தரையிலதானே விழுந்தது? யார் தலையிலயும் விழலையே? தோஷமில்லை" என்றாள் மாமி.

"மாமி, கேஸ் மாட்ட வந்தவரு ஜன்னல மூடாதீங்கன்னாருங்க."

"அது ஜன்னல் இருந்தப்போ சொன்னது. இப்போ எங்கேடி ஜன்னல்? கண்ணாடின்னா இருக்கு!"

வீராயி கனி பாயைப் பார்த்தாள். அவர் பல்லியைத் தகரத்தில் அள்ளிக்கொண்டு சந்துப் பக்கம் போனார். போகும்போது அவர் முகம் சரியாக இல்லை.

பத்மஜா பிள்ளையோடு வந்தாள். ஆண் குழந்தை. தீட்டுக் கழிக்கிற புண்யாஹவாசனத்தன்று பிள்ளை பெற்றவளுக்குத் தலைக்கு ஊற்ற வேண்டும். கனி பாயும் வீராயியும் அன்றைக்குப் பின்சந்தில் கொல்லைச் சுவருக்குப் பூச்சு வேலையில் இருந்தார்கள். பால்கண்ணாடி ஜன்னல் அவர்கள் தலைக்கு நேரே.

உள்ளே மாமியின் குரல் நன்றாகக் கேட்டது. "காதுல பஞ்சு வெச்சிண்டியா? நன்னா சுடச்சுட ஊத்திண்டே இரு. உடம்பு வேகணும். நான் காத்து வராம கதவிடுக்குல பழைய வேஷ்டியத் திணிச்சுட்டு, சாம்பிராணிக்குக் கங்கு எடுத்துண்டு வரேன்." கதவு சாத்தும் சத்தம். கதவிடுக்கில் வேஷ்டியைத் திணிக்கும் சத்தமும் கேட்டது.

வாளியில் செம்பு மோதி மோதித் தண்ணீர் விழுந்தது. பத்மஜா ஏதோ பாட்டை முனகினாள். வீராயி கலவையைக் குழைத்தபடியே அந்த முனகலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முனகல் நின்றது. பிறகு செம்புச் சத்தம் நின்றது. குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

"பாப்பா!" என்று ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டாள். "பத்மா பாப்பா!"

தண்ணீர் ஓடியது.

"பாய், தண்ணி மட்டும் ஓடுது."

"பொம்பளப் புள்ள குளிக்கிற எடம். என்னை எட்டிப் பார்க்கச் சொல்றியா?"

"அன்னைக்கு எனக்கு வந்தது இட்லிப் பசி இல்ல பாய்."

கனி பாயின் கையில் பூச்சுக் கரண்டி நின்றுவிட்டது. அந்தக் கண்ணாடியைச் சுற்றித் தன் விரல் வழித்த பசையைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு முதுகைக் காட்டிச் சுவரோடு சுவராகத் திரும்பி நின்றுகொண்டு, "யா அல்லா... அடி" என்றார்.

வீராயி செங்கல் அடுக்கின் மேல் ஏறிச் சுத்தியலால் அடித்தாள். கண்ணாடி உள்பக்கமாகச் சரிந்தது. கையைவிட்டு லேஸைப் பிடித்து இழுத்தாள். நூல் கிழிந்து, உள்ளங்கையும் கிழிந்தது. வெக்கை முகத்தில் அடித்தது. உள்ளே பத்மஜா முக்காலியிலிருந்து சரிந்து சுவரோடு சாய்ந்து கிடந்தாள். பூசின மஞ்சளையும் மீறி முகம் செவசெவவென்று இருந்தது, நன்றாகத் தூங்குகிறவள் மாதிரி.

"மாமி! கதவத் திறங்க! பாப்பா விழுந்து கெடக்குது!"

மாமி ஓடிவந்து திறந்தாள். வீராயி சந்தைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். இருவரும் புடவையைச் சுற்றி நடைக்கு இழுத்துப் போட்டார்கள். பத்மஜா வாந்தி எடுத்தாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

மாமிக்கு உயிர் வந்தது. உயிரோடு கோபமும் வந்தது. உடைந்த ஜன்னலைப் பார்த்தாள், வீராயி கையில் ரத்தத்தோடு தொங்கிய லேஸைப் பார்த்தாள்.

"காத்த விட்டுட்டியேடி பாவி! பச்சை உடம்புல காத்து பட்டுடுத்தே! பேச்சுமூச்சில்லாம விழுந்துட்டாளே!"

"விழுந்தப்புறம்தாங்க உடைச்சேன்!"

யார் கேட்பது? கோயிலிலிருந்து சேதுராமன் சார் வந்தார். கனி பாய் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "சார், உள்ள தீ எரியுது, காத்து போக வழியில்ல. அடைச்சது நான்தான். என் தப்புதான். கண்ணாடி மட்டும் வேணாம்" என்றார்.

"நேத்திக்கு நான் அங்கேதானே ஸ்நானம் பண்ணினேன்? எனக்கு ஒண்ணும் ஆகலையே!"

"நீங்க ரெண்டு செம்பு ஊத்திட்டு வந்துடுவீங்க சார்."

"கண்ணாடிய ஒடச்சுட்டு எனக்கே பாடம் எடுக்கறேளா? நாளைலேர்ந்து ரெண்டு பேரும் இங்கே வரவேண்டாம்."

வீராயி தரையில் கிடந்த கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கினாள். அள்ளிக்கொண்டு நடைக்கு வந்தபோது, அங்கே கட்டில் போட்டுக் கிடத்தியிருந்த பத்மஜாவின் ஈரக்கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"அக்கா, கத்தணும்னுதான் நினைச்சேன். குரலே வரலை. கையும் அசையலை. நீங்க கூப்பிட்டது காதுல விழுந்துது. பதில் சொல்ல முடியலை."

"அடுத்து தலைக்கு ஊத்துறது என்னைக்கு பாப்பா?"

"வெள்ளிக்கிழமை." பத்மஜா தொட்டில் பக்கம் பார்த்தாள். "அன்னிக்குக் குழந்தைக்கும் அங்கேயேதான்னு அம்மா சொல்றா. வெதவெதன்னு இருக்குமாம்."

வெள்ளிக்கிழமை கனி பாய்க்கு உத்திர வீதியில் வேறு வேலை இருந்தது. காலையில் கலவையைக்கூடப் போடாமல் இருவரும் சந்துக்கு வந்துவிட்டார்கள். ஜன்னலில் வேறு யாரோ புதுக் கண்ணாடி போட்டிருந்தார்கள். முன்னைவிடத் தடிமனாக, பசையும் முன்னைவிடத் தாராளமாக. பின்னால் லேஸ் நிழலாகத் தெரிந்தது. துவைத்து, கஞ்சி போட்டு, கிழிந்த இடத்தை மாமி சேர்த்துப் பின்னியிருந்தாள். ஓர் அன்னத்துக்கு மட்டும் கழுத்து சரியாக ஒட்டவில்லை.

வீராயி முந்தானைக்குள்ளிருந்து சுத்தியலை எடுத்தாள்.

"இந்தத் தடவ போலீஸக் கூப்பிடுவாங்க" என்றார் கனி பாய்.

"கூப்பிடட்டும். வந்து அவங்களும் அதுல குளிச்சுப் பார்க்கட்டும்."

உள்ளே கதவு திறந்தது. "நீ ஆரம்பி. அறை நன்னா சூடாகட்டும். நான் குழந்தையைத் தூக்கிண்டு வரேன்" என்றாள் மாமி. கதவு சாத்தியது. வேஷ்டி திணிக்கும் சத்தம். 'டப்.' பெட்டி பற்றிக்கொண்டது. தண்ணீர் விழ ஆரம்பித்தது.

செம்புச் சத்தம் வரவில்லை. முனகலும் வரவில்லை.

வீராயி செங்கல் மேல் ஏறினாள். கையை ஓங்கினாள். ஓங்கிய கை நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் லேஸ் ஒதுங்கியது. ஒரு நிழல் கிட்டே வந்தது.

கனி பாய் அவளைப் பின்னாலிருந்து இழுத்துவிடவும், உள்ளேயிருந்து செம்பு கண்ணாடியில் மோதவும் சரியாக இருந்தது. முதல் அடிக்குக் கண்ணாடி அசையவில்லை. இரண்டாவதற்கு நெடுக விரிசல் ஓடியது. மூன்றாவது அடியில் சில்லுகள் வீராயியின் காலடியில் வந்து கொட்டின.

சட்டத்துக்கு அந்தப் பக்கம் பத்மஜா நின்றாள். கட்டின புடவை கட்டினபடி, தலையில் சொட்டு ஈரம் இல்லை. மூச்சு வாங்கியது. வெறும் செம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் பின்னால் கதவு திறந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மாமி நின்றாள்.

"அடியே! என்னடி பண்ணிட்டே! காத்துடீ! குழந்தைக்குக் காத்துடீ!"

"ஆமாம்மா. காத்துதான்" என்றாள் பத்மஜா. பெட்டியின் குமிழைத் திருகித் தீயை அணைத்தாள்.

பிள்ளை வீறிட்டு அழுதது. திறந்த கதவுக்கும் உடைந்த ஜன்னலுக்கும் நடுவே காற்று ஒரே இழுப்பாக இழுத்தது. லேஸ் சட்டத்தைத் தாண்டிச் சந்துப் பக்கம் பறந்து, கண்ணாடி முனையில் மாட்டிக்கொண்டு படபடவென்று அடித்தது. சேர்த்துப் பின்னிய கழுத்துப் பக்கம் நூல் பிரிந்து பிரிந்து போய்க்கொண்டிருந்தது. மாமி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிடிக்கக் கை காலியில்லை. இரண்டு கையாலும் பிள்ளையை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

சந்தில் கனி பாய், "போகலாம் வா" என்றார். வீராயி சுத்தியலைச் சட்டியில் போடப் பார்த்தாள். விரல்கள் அதை விடமாட்டேன் என்றன.